2147483647 (எண்)

2147483647 என்பது 2147483646-ஐ அடுத்து வரும் இயல் எண் ஆகும். இது இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று வாசிக்கப்படுகிறது. இதன் மதிப்பு 2³¹ − 1. இது ஒரு பகா எண். மெர்சென் பகா எண்களின் வரிசையில் எட்டாவது. இது பகா எண் என்பதை 1772ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர் உறுதிப்படுத்தினார். அதன் பின்னர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாக இதுவே இருந்தது.

கணினியியலில் இவ்வெண் வேறொரு காரணத்தால் அறியப்படுகிறது. 32 பிட் அளவுள்ள, குறியுடன் கூடிய முழு எண்ணாகச் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு இதுவே. நிரல்களில் எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டும்போது பிழைகள் ஏற்படுகின்றன. 2038ஆம் ஆண்டுச் சிக்கல் அவற்றுள் பெரிதும் பேசப்படுவது.

எண்ணின் வடிவம்

2-ஐ 31 முறை பெருக்கினால் 2147483648 கிடைக்கும். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2147483647. இரும எண் முறையில் இதை எழுதினால் தொடர்ச்சியாக 31 ஒன்றுகள் வரும். இடையில் ஒரு சுழியம்கூட இராது. எண்ம முறையில், அதாவது எட்டை அடிமானமாகக் கொண்ட முறையில், இது 17777777777 ஆகும்.

பத்தடிமான முறையில் 999 என்பது 1000-க்கு ஒன்று குறைவாக இருப்பதைப் போன்றதே இருமத்தில் இவ்வெண்ணின் நிலை. இந்த எளிய வடிவமே கீழே வரும் பண்புகள் பலவற்றுக்கும் காரணம்.

மெர்சென் எண்கள்

2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துப் பெறப்படும் எண்கள் மெர்சென் எண்கள் எனப்படும். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் கிடைக்கும் மெர்சென் எண்ணும் பகு எண்ணாகவே இருக்கும். எடுத்துக்காட்டாக, 6 என்பது 2 × 3 ஆதலால் 2⁶ − 1 = 63 என்ற எண் 2² − 1 = 3 ஆலும் 2³ − 1 = 7 ஆலும் வகுபடும். ஆகவே மெர்சென் எண் ஒன்று பகா எண்ணாக வேண்டுமானால் அதன் அடுக்கு பகா எண்ணாக இருத்தல் கட்டாயம். 31 பகா எண் என்பதால் 2³¹ − 1 இந்த முதல் தடையைத் தாண்டுகிறது.

ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்; எனினும் 2¹¹ − 1 = 2047 என்பது 23 × 89 ஆகும். 23, 29, 37 ஆகிய பகா அடுக்குகளும் இவ்வாறே பகு எண்களையே தருகின்றன. எனவே ஒவ்வொரு பகா அடுக்கையும் தனித்தனியே சோதிக்க வேண்டியுள்ளது.

2³¹ − 1 வரையுள்ள மெர்சென் பகா எண்கள் எட்டு: 3, 7, 31, 127, 8191, 131071, 524287, 2147483647. இவற்றுக்குரிய அடுக்குகள் முறையே 2, 3, 5, 7, 13, 17, 19, 31. ஏழாவதற்கும் எட்டாவதற்கும் இடையிலுள்ள இடைவெளி பெரிது. ஏழாவது ஆறு இலக்க எண். எட்டாவது பத்து இலக்க எண். இந்த இடைவெளியைக் கடக்க ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின.

வரலாறு

இத்தாலியக் கணிதவியலாளர் பியெத்ரோ கத்தால்டி 1588ஆம் ஆண்டளவில் 2¹⁹ − 1 = 524287 பகா எண் என்பதைக் காட்டினார். அதன் வர்க்கமூலம் சுமார் 724. அந்த எல்லை வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது அவருடைய முறை. 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்று அவர் கூறினார். 1640இல் பியேர் டி பெர்மா, 2²³ − 1 என்பது 47 ஆலும் 2³⁷ − 1 என்பது 223 ஆலும் வகுபடும் என்று கண்டார். பின்னர் 2²⁹ − 1 என்பது 233 ஆல் வகுபடும் என்று ஆய்லர் காட்டினார். கத்தால்டி கூறிய நான்கில் மூன்று தவறாயின. 31 மட்டும் எஞ்சி நின்றது.

பிரெஞ்சுத் துறவி மரீன் மெர்சென் 1644இல் வெளியிட்ட நூலில், 257 வரையுள்ள அடுக்குகளில் பகா எண்ணைத் தருபவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே என்று பட்டியலிட்டார். அப்பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன. 67, 257 ஆகியவை பகா எண்ணைத் தருவதில்லை; 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. 2⁶⁷ − 1 என்பது 193707721 × 761838257287 என்று 1903இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் காரணிப்படுத்தினார். ஆகவே பட்டியலில் 31 இடம்பெற்றிருந்தது அதற்கு ஒரு நிறுவல் ஆகாது. கூற்று சரியாக அமைந்தது என்பது மட்டுமே உண்மை.

நிறுவலை அளித்தவர் ஆய்லர். 1772இல் பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த கணிதவியலாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைத் தெரிவித்தார். அப்போது அவர் உருசியாவின் சென் பீட்டர்சுபர்க் நகரில் வாழ்ந்து வந்தார். பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்தார்.

ஆய்லரின் வழி

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐவிடச் சற்றே அதிகம். 46340 வரை 4792 பகா எண்கள் உள்ளன. பத்து இலக்க எண் ஒன்றைக் கையால் 4792 முறை வகுப்பது பெரும் பணி. வகுக்கக்கூடிய எண்கள் எத்தகையவை என்பதை முன்கூட்டியே அறிந்து, மற்றவற்றை ஒதுக்கியதே ஆய்லரின் திறன்.

2³¹ − 1-ஐ வகுக்கும் பகா எண் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதை 'ப' என்று குறிப்போம்.

முதல் கட்டுப்பாடு: 2³¹ − 1 என்பது ப-ஆல் வகுபடுவதால், 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். பெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி 2-இன் (ப − 1)ஆம் அடுக்கை ப-ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும். மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு எதுவோ, அது 31-ஐயும் ப − 1-ஐயும் வகுக்க வேண்டும். 31 பகா எண். எனவே அந்த மிகச் சிறிய அடுக்கு 1 அல்லது 31. அது 1 ஆக இருக்க முடியாது; ஏனெனில் 2¹ = 2-ஐ ப-ஆல் வகுத்து மீதி 1 பெற இயலாது. ஆகவே அது 31. இதனால் ப − 1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றை எண் என்பதால் ப − 1 இரட்டை எண். ஆகவே அது 62-இன் மடங்கு. சுருங்கச் சொன்னால், ப என்பது 62-இன் ஏதேனும் ஒரு மடங்கைவிட 1 கூடுதலாக இருக்க வேண்டும்.

இரண்டாம் கட்டுப்பாடு: 2³¹-ஐ ப-ஆல் வகுக்க மீதி 1 என்றால், 2³²-ஐ வகுக்க மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது, ஒரு வர்க்க எண்ணை ப-ஆல் வகுக்கும்போது மீதி 2 வருகிறது. ஒற்றைப் பகா எண்களில், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தருபவற்றுக்கு மட்டுமே இது இயலும் என்பது எண் கோட்பாட்டில் அறியப்பட்ட தேற்றம்.

இவ்விரு கட்டுப்பாடுகளையும் இணைத்தால், ப-ஐ 248-ஆல் வகுக்கும்போது வரும் மீதி 1 அல்லது 63 ஆக மட்டுமே இருக்க முடியும். 46340 வரை இவ்வடிவில் 1-ஐத் தவிர்த்து 373 எண்கள் உள்ளன. அவற்றிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அத்தகையவை நூற்றுக்கும் குறைவு. 4792 வகுத்தல்கள் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கின.

இவ்வரிசையில் முதலில் வரும் பகா எண் 311. 2147483647-ஐ 311-ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. அடுத்தது 1303, அதற்கடுத்தது 1489. இவ்வாறு 46340 வரை செல்லும்போது எந்தப் பகா எண்ணும் மீதியின்றி வகுப்பதில்லை. ஆகவே 2147483647 பகா எண்.

இதே வழியைச் சிறிய எண்ணில் எளிதாகச் சரிபார்க்கலாம். 2¹¹ − 1 = 2047-இன் பகாக் காரணிகள் 22-இன் மடங்கைவிட 1 கூடுதலாக இருக்க வேண்டும். 2047-இன் வர்க்கமூலம் சுமார் 45. அதற்குள் இவ்வடிவில் வரும் பகா எண் 23 மட்டுமே. முதல் வகுத்தலிலேயே 2047 = 23 × 89 என்று கிடைத்துவிடுகிறது.

லூக்காஸ்–லெமர் சோதனை

பிற்காலத்தில் வகுத்தலே தேவைப்படாத ஒரு சோதனை உருவானது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்காஸ் 1876இல் 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். அவருடைய முறையை 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான டி. எச். லெமர் எளிமையாக்கினார்.

சோதனை இவ்வாறு நடைபெறும். 4-இல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கையிலுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கப்படும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான எண்ணிக்கையில் படிகளைச் செய்தபின் மீதி சுழியமானால் அது பகா எண். இல்லையேல் பகு எண். இச்சோதனை ஒற்றைப் பகா அடுக்குகளுக்குப் பொருந்தும்.

2⁵ − 1 = 31-க்கு மூன்று படிகள் தேவை. 4-இன் வர்க்கம் 16. 2 கழித்தால் 14. 14-இன் வர்க்கம் 196. 2 கழித்தால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-இன் வர்க்கம் 64; 2 கழித்தால் 62; 31-ஆல் வகுத்தால் மீதி 0. எனவே 31 பகா எண். 2147483647-க்கு இதே போல் 29 படிகள் போதும்; இன்றைய கணினியால் அதை ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் முடித்துவிட முடியும்.

செவ்விய எண்ணுடன் தொடர்பு

தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகள் அனைத்தின் கூட்டுத்தொகையும் தனக்கே சமமாக உள்ள எண் செவ்விய எண் அல்லது நிறைவெண் எனப்படும். 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைச் செவ்விய எண்கள் அனைத்தும் இவ்வகையிலேயே கிடைக்கின்றன என்பதை ஆய்லர் நிறுவினார்.

2147483647-ஐ 2³⁰ உடன் பெருக்கினால் 2305843008139952128 என்ற 19 இலக்க எண் கிடைக்கும். இது எட்டாவது செவ்விய எண்.

ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811இல் வெளியிட்ட எண் கோட்பாட்டு நூலில் இந்தச் செவ்விய எண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரியது இனிக் கண்டறியப்படாது என்று கருத்துத் தெரிவித்தார். இத்தகைய எண்கள் ஆர்வத்துக்கு உரியவையே அன்றிப் பயனுடையவை அல்ல, ஆகவே யாரும் இதற்கு மேல் தேடிச் செல்ல மாட்டார்கள் என்பது அவர் கூறிய காரணம். அவருடைய கணிப்பு இரு வகையிலும் பொய்த்தது. தேடல் நிற்கவில்லை: 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 136279841, அது 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்டது. பயன் அற்றது எனப்பட்ட 2³¹ − 1-ஓ கணினிகளில் அன்றாடம் பயன்படுகிறது.

பிற கணிதப் பண்புகள்

பகா எண்களைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் 2147483647 என்பது 105097565ஆவது இடத்தில் வரும். இதற்கு முந்தைய பகா எண் 2147483629. அடுத்த பகா எண் 2147483659. இதற்கு இரட்டைப் பகா எண் இல்லை. இரண்டு குறைவான 2147483645 என்பது 5-ஆல் வகுபடும். இரண்டு கூடுதலான 2147483649 என்பது 3 × 715827883.

4-ஆல் வகுத்தால் மீதி 3 வருவதால் இவ்வெண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாது.

31 என்ற அடுக்கும் ஒரு மெர்சென் பகா எண்ணே (2⁵ − 1). அடுக்கே மெர்சென் பகா எண்ணாக அமைந்த இத்தகைய எண்கள் இரட்டை மெர்சென் எண்கள் எனப்படும். அவற்றுள் பகா எண்கள் என்று அறியப்பட்டவை நான்கு மட்டுமே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. இவற்றுள் 2147483647 மூன்றாவது.

2-இன் 2147483647ஆவது அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் கிடைக்கும். அது பகா எண் அன்று. 295257526626031 அதன் ஒரு காரணி. இக்காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் அது 2 × 2147483647-இன் 68745 மடங்காக இருப்பதைக் காணலாம். ஆய்லர் பயன்படுத்திய முதல் கட்டுப்பாடு இங்கும் அப்படியே பொருந்துகிறது.

அண்டை எண்களின் காரணிகளும் குறிப்பிடத்தக்கவை. 2147483648 = 2³¹. 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331.

கணினியில் உச்ச எல்லை

கணினி நினைவகத்தில் 32 பிட்டுகள் ஒதுக்கினால் 4294967296 வெவ்வேறு மதிப்புகளைக் குறிக்கலாம். எதிர்ம எண்களும் தேவைப்படுவதால் அவற்றில் பாதி எதிர்ம எண்களுக்குச் செல்கிறது. மீதிப் பாதியில் சுழியத்துக்கும் ஓர் இடம் வேண்டும். ஆகவே இவ்வகை −2147483648 முதல் 2147483647 வரை மட்டுமே கொள்ளும். சி, ஜாவா போன்ற மொழிகளில் 'இன்ட்' எனப்படும் எண் வகை இன்றைய கணினிகளில் பொதுவாக இந்த அளவுடையது. பைத்தான் மொழியின் முழு எண்களுக்கு இந்த எல்லை இல்லை.

இந்த எல்லைக்கும் 2147483647 பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்பது கவனிக்கத்தக்கது. எல்லை அமைவது 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைவான வடிவத்தால். 16 பிட் எல்லையான 32767 = 7 × 31 × 151; 64 பிட் எல்லையான 9223372036854775807 என்பதும் 7-ஆல் வகுபடும். இரண்டுமே பகு எண்கள். 8 பிட் எல்லையான 127-உம் 32 பிட் எல்லையான 2147483647-உம் பகா எண்களாக அமைந்தது தற்செயலே.

எல்லையைத் தாண்டினால் நேர்வதை 8 பிட்டில் எளிதாகக் காணலாம். 01111111 என்பது 127. அதனுடன் 1-ஐக் கூட்டினால் 10000000 ஆகிறது. முதல் பிட் எதிர்மக் குறியைக் காட்டுவதால் கணினி இதை −128 என்று படிக்கிறது. அதே போல் 32 பிட்டில் 2147483647 + 1 என்பது பெரும்பாலும் −2147483648 ஆகிவிடுகிறது. சி மொழியின் தரநிலை இந்நிலையில் என்ன விடை வர வேண்டும் என்பதை வரையறுக்கவே இல்லை. அதனால் பிழையைக் கண்டறிவது மேலும் கடினமாகிறது.

நடைமுறையில் நிகழ்ந்தவை

தொலைபேசி எண்கள்: இந்தியக் கைப்பேசி எண்கள் பத்து இலக்கம் கொண்டவை, 6, 7, 8 அல்லது 9-இல் தொடங்குபவை. எனவே அவை அனைத்தும் 2147483647-ஐவிடப் பெரியவை. தரவுத்தளத்தில் அவற்றை 32 பிட் முழு எண்ணாகச் சேமிக்க முயன்றால் இடம் போதாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் கண்டிப்பற்ற முறையில் இயங்கும்போது, எல்லை மீறிய மதிப்பை 2147483647 என்று வெட்டிச் சேமித்துவிடும். வெவ்வேறு நபர்களின் எண்கள் எல்லாம் ஒரே எண்ணாக மாறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. தொலைபேசி எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ தேவையில்லை என்பதால் அதை எழுத்துச் சரமாகச் சேமிப்பதே முறை.

இருமத் தேடல்: வரிசைப்படுத்தப்பட்ட பட்டியலின் நடுவிடத்தைக் காணத் தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் கூட்டி 2-ஆல் வகுப்பது வழக்கம். இரண்டும் தனித்தனியே எல்லைக்குள் இருந்தாலும் கூட்டுத்தொகை 2147483647-ஐத் தாண்டக்கூடும். ஜாவாவின் நிரலகத்தில் இப்பிழை பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்து 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதில் பாதியைத் தொடக்கத்துடன் கூட்டினால் இச்சிக்கல் எழாது.

காணொளிப் பார்வைகள்: தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' பாடல் யூடியூபில் 2147483647 பார்வைகளைத் தாண்டுவதை ஒட்டி, பார்வை எண்ணிக்கைக்கு 64 பிட் வகை பயன்படுத்தப்படுவதாக 2014 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

விமான மின்னாக்கிகள்: போயிங் 787 விமானத்துக்கு 248 நாட்கள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால், மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகளின் மென்பொருள் எண்ணி ஒன்று நிரம்பி, மாற்று மின்சாரம் முழுவதும் தடைபடக்கூடும் என்று அமெரிக்கக் கூட்டரசு வான்போக்குவரத்து நிருவாகம் 2015இல் எச்சரித்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தொடங்குமாறும் பணித்தது. நொடியின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு 2³¹ வரை எண்ணினால் ஆகும் காலம் 248.55 நாட்கள்.

2038ஆம் ஆண்டுச் சிக்கல்

யுனிக்சு வகை இயங்குதளங்கள், 1970 சனவரி 1 அன்று ஒருங்கிணைந்த உலக நேரம் நள்ளிரவு 00:00:00-இலிருந்து கடந்த நொடிகளின் எண்ணிக்கையாக நேரத்தைக் கணக்கிடுகின்றன. பழைய அமைப்புகளில் இந்த எண்ணிக்கை 32 பிட் முழு எண்ணாக வைக்கப்பட்டது.

2147483647 நொடிகள் என்பது 24855 நாட்கள், 3 மணி, 14 நிமிடம், 7 நொடி. எனவே 2038 சனவரி 19 அன்று உலக நேரம் 03:14:07 மணிக்கு அந்த எண்ணி நிரம்பிவிடும். இந்திய, இலங்கை நேரப்படி அப்போது காலை 8:44:07 மணி. அடுத்த நொடியில் எண்ணி −2147483648 என்று மாறினால், கணினி அதை 1901 டிசம்பர் 13 என்று புரிந்துகொள்ளும்.

எதிர்காலத் தேதிகளைக் கையாளும் நிரல்களில் இச்சிக்கல் 2038-க்கு முன்பே தலைகாட்டும். 2018இல் தொடங்கிய 20 ஆண்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதியே இந்த எல்லையைத் தொடுகிறது.

தீர்வு நேரத்தை 64 பிட் எண்ணாக வைப்பது. அப்போது எல்லை ஏறத்தாழ 29200 கோடி ஆண்டுகளுக்கு அப்பால் சென்றுவிடும். இன்றைய 64 பிட் இயங்குதளங்கள் பெரும்பாலும் இவ்வாறே செயல்படுகின்றன. 32 பிட் கணினிகளிலும் இதற்கு இடமளிக்கும் மாற்றங்கள் 2020இல் வெளிவந்த லினக்சு கருவகம் 5.6 பதிப்பில் இடம்பெற்றன. ஆயினும் இயங்குதளம் மாறினால் மட்டும் போதாது. நேரத்தை 32 பிட்டில் எழுதி வைக்கும் கோப்பு வடிவங்களும் தரவுத்தளங்களும் மாற வேண்டும். தொழிற்சாலைகளிலும் ஊர்திகளிலும் பதிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் மாற்றப்படாமல் இயங்கும் கருவிகளே கவலைக்குரியவை.

சமவாய்ப்பு எண்களை உருவாக்குதல்

2147483647 பகா எண்ணாக இருப்பதே நேரடியாகப் பயன்படும் இடமும் கணினியியலில் உண்டு. லெமர் முன்வைத்த முறையில், கையிலுள்ள எண்ணை ஒரு நிலையான எண்ணால் பெருக்கி, மற்றோர் எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொண்டால் சமவாய்ப்பு எண்கள் போன்ற தோற்றமுடைய தொடர் கிடைக்கும். இசுடீபன் பார்க், கீத் மில்லர் ஆகியோர் 1988இல் வெளியிட்ட கட்டுரையில், 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுப்பதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தனர். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 எனத் தொடர் செல்லும்.

வகுஎண் பகா எண்ணாக இருப்பதால் மீதி ஒருபோதும் சுழியமாகாது. 16807 என்பது 7⁵. அதன் அடுக்குகள் 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா மீதிகளையும் ஒரு முறை தொட்ட பின்னரே தொடக்கத்துக்குத் திரும்பும். வகுத்தலும் எளிது. 999-ஆல் வகுத்து மீதி காண 1234567 என்ற எண்ணை மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து 1 + 234 + 567 = 802 என்று கூட்டினால் போதுமல்லவா? அதே போல் இங்கும் எண்ணை 31 பிட்டுகளாகப் பிரித்துக் கூட்டினால் போதும்.

சி++ மொழியின் தர நிரலகத்தில் இம்முறை இன்றும் உள்ளது. ஆனால் அடுத்து வரும் எண்ணை முந்தைய எண்ணிலிருந்து கணித்துவிட முடியும் என்பதால் கடவுச்சொல், மறையாக்கம் போன்ற பாதுகாப்புப் பணிகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.